முழுகிய பயிரும் பழுத்த இலையும்

கார்த்திகை மழை மூன்று நாள் விடாமல் பிடித்தால் புதுச்சேரிப் பக்கம் எங்கள் செலியமேட்டின் பள்ளத்து வயல்களில் வரப்பு தெரியாது. நட்டு ஒரு மாதமான சம்பாப் பயிர் நுனிகூடத் தெரியாமல் முழுகிக் கிடக்கும். இறங்கி ஒரு குத்தைத் தடவிப் பிடித்தால் இலை வழவழவென்று, வண்டல் பூசியபடி கையில் வரும். அதே வயலைத் தை மாதத்தில் பாருங்கள். தண்ணீரை வடித்தாயிற்று. கதிர் தலை கவிழ்ந்திருக்கிறது. கண்ணாடி இலையில் நுனியிலிருந்து மஞ்சள் இறங்கிக்கொண்டிருக்கிறது. அடி இலைகள் அதற்கு முன்பே சருகாகித் தாளோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. முதல் காட்சி வயிற்றைக் கலக்கும். இரண்டாவதைப் பார்த்ததும் அறுவடை மிஷினுக்குச் சொல்லிவைக்கக் கிளம்புவோம்.

இரண்டு நேரத்திலும் பயிரின் செல்லுக்குள் ஒரு வேலை மும்முரமாக நடக்கிறது. செல் தான் கட்டிய புரதத்தைத் தானே உடைக்கிறது. ஆனால் கார்த்திகையில் பயிரின் உயிரைத் தீர்மானிக்கும் கருவி வேறு, தையில் நெல்மணியை நிரப்பும் கருவி வேறு. பாடப்புத்தகங்களில் இரண்டையும் ‘செல்லின் கழிவகற்றும் அமைப்பு’ என்று ஒரே பத்தியில் சேர்த்து முடித்துவிடுகிறார்கள். இந்தச் சொல் எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது. கெட்டுப்போன புரதத்தை அப்புறப்படுத்துவதும் இவற்றின் வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் நன்றாக இருக்கும் புரதத்தை, எந்தப் பழுதும் இல்லாத நிலையில், காரணத்தோடு உடைப்பதுதான் இவற்றின் பெரிய வேலை. அந்தக் காரணம் இரண்டுக்கும் வேறு வேறு. அந்த வேறுபாட்டை எங்கள் வயலில் வைத்தே காட்ட முடியும்.

உடலின் புரதம் கட்டிய வீடு போல அப்படியே நிற்கிறது, தேய்ந்ததை மட்டும் சாப்பாடு ஈடுகட்டுகிறது என்றுதான் 1930கள் வரை நம்பினார்கள். நாஜி ஜெர்மனியை விட்டு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வந்த ருடால்ஃப் ஷோன்ஹைமர், கனமான நைட்ரஜன் அணு கொண்ட அமினோ அமிலத்தை வளர்ந்த எலிகளுக்குத் தீனியில் கொடுத்துப் பார்த்தார். எலியின் எடை கூடவில்லை. ஆகவே கொடுத்தது பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறியிருக்க வேண்டும். வெளியேறவில்லை. பாதிக்கு மேல் எலியின் உடல் புரதத்துக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. நின்றிருப்பதாகத் தெரியும் வீட்டில் ஒவ்வொரு நாளும் செங்கல் உருவப்பட்டு வேறு செங்கல் வைக்கப்படுகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. சராசரி எடையுள்ள ஒரு மனிதர் நாளொன்றுக்குச் சுமார் 250 முதல் 300 கிராம் புரதத்தை உடைத்துத் திரும்பக் கட்டுகிறார். நாம் சாப்பிடும் புரதம் அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. மீதி முழுவதும் பழைய சரக்கிலிருந்து வருவதுதான். நெற்பயிரிலும் இதே கதைதான்.

இனிக் கார்த்திகை வயலுக்கு வருகிறேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது நகரத்தில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. பின்னாலேயே சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீரில் தென்பெண்ணை கரைபுரண்டு பாகூர் கொம்யூனில் ஆற்றோரக் கிராமங்கள் வெள்ளத்தில் சிக்கின. அப்படிப்பட்ட நாட்களில் வரப்பில் நிற்பவர் மனத்தில் ஓடும் கணக்கு ஒன்றுதான்: தண்ணீர் எத்தனை நாளில் வடியும், பயிர் அதுவரை தாங்குமா? என் பெரியப்பா சொல்லுவார்: “தண்ணிக்குள்ள எட்டி எட்டிப் பாக்குற பயிரு பூடும்டா. அடங்கிக் கெடக்கறதுதான் பொழைக்கும்.” அவர் சொன்னது செல் அளவில் அப்படியே உண்மை என்பதை நான் மிகத் தாமதமாகத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

நெற்பயிரின் வளர்ச்சியைக் கட்டிப்போடும் ஒரு புரதம் உண்டு. பெயர் எஸ்.எல்.ஆர்.1. கன்றை முளையில் கட்டிய கயிறு என்று அதை வைத்துக்கொள்ளுங்கள். ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஊக்கி செல்லுக்கு வரும்போது கயிற்றைத் தளர்த்துவதோ அவிழ்ப்பதோ இல்லை. கயிறே இல்லாமல் ஆக்கிவிடுகிறது. ஜிப்ரலினைப் பிடித்த ஏற்பி எஸ்.எல்.ஆர்.1-ஐப் போய்த் தழுவுகிறது. தழுவிய உடனே வேறொரு நொதிக்கூட்டம் வந்து அதன்மேல் யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை ஒட்டுகிறது, ஒன்றன்மேல் ஒன்றாகச் சங்கிலி போல. சாலை அகலப்படுத்தும்போது வெட்ட வேண்டிய புளியமரத்துக்கு மட்டும் சுண்ணாம்பில் எண் போட்டுவிட்டுப் போவார்களே, அதுபோல ஒரு குறி. குறி பெற்ற புரதத்தைப் புரோட்டியசோம் என்ற உருளை பிடித்துக்கொள்கிறது. அதன் மூடி புரதத்தின் மடிப்பைப் பிரித்து, நூலாக இழுத்து, உள்ளே தள்ளுகிறது. உள்ளே அது ஏழெட்டு அமினோ அமில நீளத் துண்டுகளாக நறுக்கப்படுகிறது. யுபிக்விட்டின் மட்டும் கழற்றப்பட்டு அடுத்த குறிக்குத் திரும்புகிறது. கயிறு போனதும் கன்று ஓடுகிறது, தண்டும் இலையும் நீள்கின்றன. 1966இல் வெளிவந்த ஐ.ஆர்.8 குட்டையாக நின்றதற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. அதில் ஜிப்ரலின் உற்பத்தி குறைவு. அதனால் கயிறு அறுபடாமல் கிடந்தது.

முழுகிய பயிரில் என்ன ஆகிறது? பயிர் சுரக்கும் எத்திலீன் வாயு தண்ணீருக்குள் வெளியேற வழியின்றித் திசுக்களிலேயே தேங்குகிறது. அதன் தூண்டுதலால் ஜிப்ரலின் வேலை ஏறுகிறது. எஸ்.எல்.ஆர்.1 மளமளவென்று குறி பெற்று உடைகிறது. பயிர் காற்றைத் தேடி நீள்கிறது. இரண்டு மூன்று நாளில் வடிந்துவிடும் வெள்ளத்தில் அது உதவலாம். பத்து நாள் நின்றால், கலங்கல் தண்ணீருக்குள் வெயிலும் இல்லாமல், இருந்த மாவுச்சத்து முழுவதையும் நீளத்துக்கே செலவழித்துவிட்டுப் பயிர் காலியாகிறது. தண்ணீர் வடிந்ததும் நூல் போல மண்ணில் சாய்கிறது. பெரியப்பா சொன்ன ‘எட்டிப் பாக்குற பயிரு’ இதுதான்.

ஒடிசாவின் தல்புட்டியா என்ற நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட எஃப்.ஆர்.13ஏ மட்டும் இரண்டு வாரம் முழுகியும் பிழைத்தது. விளைச்சல் குறைவு, சோறும் நன்றாக இருக்காது. ஆனால் அதன் ஒன்பதாவது குரோமோசோமில் இருந்த சப்1ஏ என்ற மரபணுவை 2006இல் கெனோங் சூ, பமேலா ரொனால்ட், டேவிட் மக்கில் ஆகியோரின் குழு பிரித்தெடுத்தது. இந்த மரபணு எத்திலீன் மூட்டத்தில்தான் விழிக்கிறது. விழித்ததும் எஸ்.எல்.ஆர்.1-இன் அளவைக் கூட்டுகிறது. கூடவே அதன் உறவான எஸ்.எல்.ஆர்.எல்.1-ஐயும் கூட்டுகிறது. இந்த இரண்டாவது புரதத்தில் ஜிப்ரலின் ஏற்பி பிடித்துக்கொள்ளும் பகுதியே கிடையாது. ஆகவே ஜிப்ரலின் எவ்வளவு வந்தாலும் அதன்மேல் குறி எளிதில் விழாது. கயிறு அறுபடாது. பயிர் நீளாமல், இருப்பைச் செலவழிக்காமல், அடங்கிக் கிடக்கும்.

இதற்குள் இன்னொரு அடுக்கும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். 1986இல் அலெக்சாண்டர் வர்ஷாவ்ஸ்கி ஈஸ்டில் கண்டது: ஒரு புரதத்தின் முதல் அமினோ அமிலம் எது என்பதைப் பொறுத்தே அதன் ஆயுள் சில நிமிடமா, பல மணி நேரமா என்று அமைகிறது. 2011இல் இரண்டு குழுக்கள் தாவரங்களில் இதன் பயனைக் கண்டன. சப்1ஏ எந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததோ அந்தக் குடும்பத்துப் புரதங்களின் முனையில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. ஆக்சிஜன் இருக்கும்வரை சிஸ்டீன் அதனோடு வினைபுரிகிறது, அதுவே குறி ஒட்ட அழைப்பாகிறது, புரதம் உடைகிறது. தண்ணீரில் முழுகி ஆக்சிஜன் குறைந்ததும் உடைப்பது நிற்கிறது. புரதம் சேர்ந்துகொண்டு, காற்றில்லாமல் பிழைக்கத் தேவையான மரபணுக்களை முடுக்குகிறது. அதாவது பயிர் தன் மூச்சை அளப்பது ஒரு புரதத்தை ஓயாமல் கட்டி ஓயாமல் உடைப்பதன் மூலம். வீணாகத் தோன்றும் அந்தச் செலவுதான் அதன் உணர்வு. சப்1ஏவுக்கும் முனையில் சிஸ்டீன் உண்டு. ஆனால் அதன் வால்பகுதி மடிந்து வந்து முனையை மறைத்துக்கொள்வதால் அது இந்த விதியிலிருந்து தப்பிவிடுகிறது.

2009இல் சொர்ணா சப்-1 ரகம் இந்தியாவில் வெளியிடப்பட்டது. நம் பக்கத்து நீண்டகால ரகமான சி.ஆர்.1009-இலும் இதே மரபணு சேர்க்கப்பட்டு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர்.1009 சப்-1 வந்தது. விதை வாங்கும்போது ‘சப்’ என்ற சிறு சேர்க்கைக்கு என்ன பொருள் என்று கேட்பவர்கள் குறைவு. ஒரு புரதம் உடைபடாமல் தப்பிக்கும் ஏற்பாடு என்பதே அதன் பொருள்.

தை வயலின் கதை நிதானமானது.

நெல் இலையில் கரையும் புரதத்தில் ஏறக்குறையப் பாதி, ரூபிஸ்கோ என்ற ஒரே நொதி. காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிடிப்பது அதுதான். நாம் போடும் யூரியாவில் பயிர் எடுத்துக்கொள்ளும் தழைச்சத்தின் பெரிய கிடங்கும் அதுதான். கதிர் பால் பிடிக்கும்போது மணிக்குத் தேவையான தழைச்சத்தில் பெரும்பகுதி வேரிலிருந்து புதிதாக ஏறுவதில்லை. இலைகளில் கட்டி வைத்ததைப் பிரித்துத்தான் அனுப்பப்படுகிறது. பழைய ஓட்டு வீட்டைப் பிரிக்கும்போது ஓட்டை உடைக்காமல் இறக்கி, உத்தரத்தையும் நிலைக்கதவையும் கழற்றி, புது வீட்டுக்கு வண்டியில் ஏற்றுவார்கள். கண்ணாடி இலை மஞ்சளாவது அந்த வண்டி கிளம்பிவிட்டது என்பதற்கு அடையாளம்.

இந்த வேலையில் பெரும்பங்கு தன்விழுங்கல் என்ற இரண்டாவது கருவிக்கு உரியது. செல்லுக்குள் ஒரு சவ்வு தோன்றி, பிறைபோல் வளைந்து, எதிரில் இருப்பதை வளைத்து மூடிக்கொள்கிறது. மூடிய பையை விலங்குச் செல் லைசோசோமிலும், ஈஸ்டும் தாவரமும் வாக்குவோல் என்ற பெரிய நீர்ப்பையிலும் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. அங்கே அமில நீரில் இருக்கும் நொதிகள் எல்லாவற்றையும் கரைக்கின்றன. லைசோசோமை 1950களில் அடையாளம் கண்ட பெல்ஜியத்தின் கிறிஸ்டியன் டி டுவே, 1963இல் இந்த நிகழ்ச்சிக்குப் பெயரும் வைத்தார். ஆனால் இயந்திரத்தின் உறுப்புகள் முப்பது ஆண்டுக்காலம் தெரியவில்லை. தோக்கியோவில் யோஷினோரி ஓசுமி, வாக்குவோலில் கரைக்கும் நொதி இல்லாத ஈஸ்டை எடுத்து, அதற்குத் தழைச்சத்தான நைட்ரஜனை நிறுத்தினார். சாதாரண நுண்ணோக்கியிலேயே தெரிந்தது: சில மணி நேரத்தில் வாக்குவோலுக்குள் உருண்டைகள் குவிந்து துள்ளிக்கொண்டிருந்தன. கரைக்க ஆள் இல்லாததால் வந்து சேர்ந்த பைகள் அப்படியே தேங்கிவிட்டன. 1992இல் இதை எழுதினார். அடுத்த ஆண்டே இதற்குத் தேவையான மரபணுக்கள் குலைந்த 15 வகை ஈஸ்டுகளைப் பிரித்துக் காட்டினார். தழைச்சத்து குறைந்தால் எங்கள் பயிர் அடி இலையைப் பழுக்க வைத்து மேல் இலைக்குக் கொடுப்பதும், ஓசுமியின் ஈஸ்ட் பசியில் தன்னைத் தின்பதும் ஒரே செயல். அவர் 2016இல் நோபல் பெற்றதும், விரதம் இருந்தால் எல்லா நோயும் தீரும் என்று அவர் கண்டுபிடித்ததாக வாட்ஸ்அப்பில் சுற்றியது. அவர் கண்டது ஈஸ்டின் பசியில் இயங்கும் மரபணுக்களை. அதுவே போதுமான பெருமை.

பசுங்கணிகத்துக்குள் இருக்கும் ரூபிஸ்கோ எப்படி வெளியே வருகிறது? 2003இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் முதிரும் கோதுமை இலையில், ரூபிஸ்கோ அடைத்த சின்ன உருண்டைகள் பசுங்கணிகத்திலிருந்து மொட்டுப்போல் பிரிவதைப் பார்த்தார்கள். பிறகு அந்த உருண்டைகளை வாக்குவோலுக்கு ஏற்றிச் செல்வது தன்விழுங்கல்தான் என்பது உறுதியானது. இந்த வேலைக்கு வேண்டிய ஒரு மரபணுவை நெல்லில் நீக்கியபோது பழைய இலையின் தழைச்சத்து சரியாகத் திரும்பக் கிடைக்கவில்லை. பயிர் சிறுத்தது. மகரந்தமும் சரியாக உருவாகவில்லை. பசுங்கணிகத்துக்குள்ளேயே புரதம் அறுக்கும் நொதிகளும் உண்டு. எல்லாப் பெருமையும் தன்விழுங்கலுக்கே என்று சொல்ல மாட்டேன்.

ஒரு வருடம் பொதிப்பருவம் தாண்டிய பிறகும் பயிர் வெளுத்ததுபோல் தெரிகிறதே என்று யூரியா வீசினேன். அறுப்பு நெருங்கியும் இலை கரும்பச்சையாக நின்றது, பார்க்க அழகாக இருந்தது. தூற்றும்போது கருக்காய்தான் அதிகம் பறந்தது. வெளியிலிருந்து வரும்போது உள்ளே இருப்பதைப் பிரிக்கப் பயிர் அவசரப்படுவதில்லை. பழுக்க வேண்டிய நேரத்தில் இலையைப் பழுக்க விட வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முதலில் அளவு. புரோட்டியசோமின் வாய் ஒரு மடிப்பு நீக்கிய நூல் நுழையும் அகலம்தான். பிரிக்க முடியாமல் திரண்ட கட்டியோ, ஒரு முழு மைட்டோகாண்ட்ரியாவோ அதற்குள் போகாது. தன்விழுங்கும் பை புரோட்டியசோமைவிடப் பல மடங்கு பெரியது. மைட்டோகாண்ட்ரியாவையே வாரிக்கொள்ளும். பிறகு வேகம். எஸ்.எல்.ஆர்.1 நிமிடக் கணக்கில் போகிறது. கண்ணாடி இலை காலியாக வாரங்கள் ஆகின்றன.

இவற்றைவிட ஆழமானது தேர்வு. புரோட்டியசோமின் வழியில் கேள்வி ‘யார்?’ என்பது. குறி ஒட்டும் நொதிகள் நூற்றுக்கணக்கான வகை, ஒவ்வொன்றும் தனக்கான இலக்கை மட்டுமே அறியும். ஆயிரக்கணக்கான புரதங்கள் நெருங்கி நிற்கும் செல்லில் ஒன்றே ஒன்றைப் பிடித்து நீக்குவது சாதாரண காரியமல்ல. இங்கே உடைந்து வரும் அமினோ அமிலம் பெரிய லாபமல்ல. அந்தப் புரதம் இல்லாமல் போனதே லாபம். தன்விழுங்கலின் கேள்வி ‘எங்கே தேவை?’ என்பது. அங்கே புரதத்தின் பெயர் முக்கியமில்லை, அதிலிருந்து என்ன கிடைக்கும் என்பதே முக்கியம். கணக்கு எடையில்.

இந்த வேறுபாடு இருப்பதே முதலில் ஒரு செலவுக் கணக்கில் தெரிந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். வயிற்றில் பருப்புப் புரதம் செரிக்க ஏ.டி.பி. ஆற்றல் வேண்டியதில்லை, அமிலமும் நொதியும் போதும். ஆனால் செல்லின் புரதம் உடைவதற்கு ஆற்றல் தேவை என்று 1953இலேயே தெரிந்திருந்தது. இடிக்க ஏன் காசு செலவாக வேண்டும்? லைசோசோமை அமிலமாக வைத்திருக்க ஆற்றல் வேண்டும் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தார்கள். ஆனால் லைசோசோமே இல்லாத, முதிராத முயல் இரத்தச் சிவப்பணுக்களிலும் பழுதான புரதம் ஆற்றலைச் செலவழித்தே உடைந்தது. அந்தச் செல் சாற்றை வைத்துத்தான் இஸ்ரேலின் ஹைஃபாவில் அவ்ராம் ஹெர்ஷ்கோவும் ஆரன் சியஹானோவரும், பிலடெல்பியாவில் இர்வின் ரோஸும் சேர்ந்து குறி ஒட்டும் முறையைக் கண்டார்கள். ஒட்டப்படும் பொருள், முன்பே தெரிந்திருந்த 76 அமினோ அமில நீளமுள்ள யுபிக்விட்டின் என்பது 1980இல் தெளிவானது. மூவருக்கும் 2004இல் வேதியியல் நோபல். செல் காசு செலவழித்தது இடிப்பதற்காக மட்டுமல்ல, யாரை என்று பார்த்து இடிப்பதற்காகவும்தான்.

இதுவரை பிரித்துக் காட்டியதை நானே கொஞ்சம் கலைக்க வேண்டியிருக்கிறது. தன்விழுங்கும் பையைக் கட்டும்போது நடக்கும் ஒரு முக்கிய வேலை, ஒரு புரதத்தை இன்னொன்றோடு ஒட்டுவது. அந்த ஒட்டும் முறை யுபிக்விட்டின் முறையின் உடன்பிறப்பு என்பதை ஓசுமியின் குழு 1998இல் காட்டியது. மனித நரம்புச் செல்லில் பார்க்கின் என்ற நொதி பழுதான மைட்டோகாண்ட்ரியாவின்மேல் யுபிக்விட்டின் குறி போடுகிறது, வந்து வாரிச்செல்வதோ தன்விழுங்கும் பை. பார்க்கின் மரபணு கெட்டால் இளவயதிலேயே பார்க்கின்சன் நோய் வருகிறது. 2015இல் தாவரத்தில் கண்ட ஒன்று இன்னும் வியப்பு: நைட்ரஜன் பசி வந்தால் தன்விழுங்கல் புரோட்டியசோமையே விழுங்குகிறது. ஆகவே இரண்டும் ஒரே வீட்டுக்காரர்கள், கருவிகளை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்குபவர்கள். கேள்விகள் மட்டும் வேறு.

எங்கள் வயலில் இரண்டும் சந்திக்கும் நாள் ஒன்று உண்டு. அது வெள்ளம் வடியும் நாள். கலங்கல் தண்ணீருக்குள் பத்து நாள் கிடந்த பயிருக்கு அது இருட்டும் பசியும் சேர்ந்த காலம். இருட்டில் வைத்த எந்த இலையும் தை மாதத்துக்கு முன்பே தை மாதத்தைக் கொண்டுவந்துவிடும். பச்சையம் கரைந்து, புரதம் பிரிந்து, பழுக்கத் தொடங்கும். சப்1ஏ உள்ள பயிர் நீளாமல் இருப்பதோடு இந்த இருட்டுப் பழுப்பையும் தாமதப்படுத்துகிறது என்று 2012இல் சோதனைகள் காட்டின. அதாவது எட்டிப் பார்க்காதே என்றும், இப்போதே வீட்டைப் பிரிக்காதே என்றும் ஒரே மரபணு சொல்கிறது.

தண்ணீர் முழங்காலுக்குக் கீழ் இறங்கிய காலையில் வயலுக்குள் நடந்து ஒவ்வொரு குத்தாகக் கையால் தூக்கிப் பார்ப்போம். வெளி இலைகள் வண்டல் பூசி, மஞ்சளாகி, வழவழத்துத் தொங்கும். அவற்றை விரலால் ஒதுக்கிவிட்டு நடுவில் இருக்கும் குருத்தைப் பிடித்து லேசாக இழுப்போம். செத்த பயிரில் குருத்து அழுகல் வாடையோடு உருவிக்கொண்டு வந்துவிடும். பிழைத்த பயிரில் அது வராது, பிடித்துக்கொண்டு நிற்கும். அடியில் அரை விரல் அளவுக்கு வெளிர்பச்சை தெரியும்.